ராத்திரியில் மட்டும் வலித்த தொடை: ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமாவைக் கண்டுபிடிக்க நான் அலைந்த கதை

முதலிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அந்தப் பெயர் கிடைக்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா. எலும்புக்குள் வரும் ஒரு குட்டிக் கட்டி. புற்றுநோய் கிடையாது, பரவாது, உயிருக்கு ஆபத்தும் இல்லை. பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். 5 வயதிலிருந்து 25 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, அதிலும் ஆண்களுக்குக் கூடுதலாக. எனக்கு வந்தபோது வயது 24. இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில், இடுப்பு மூட்டுக்குள்ளேயே, 7 மில்லிமீட்டர் அளவில் உட்கார்ந்திருந்தது. அது தெரியாமல் முழங்காலுக்கு, டிஸ்க்குக்கு, வைட்டமின் குறைக்கு, கடைசியில் காசநோய்க்கு என்று என்னைச் சுற்றவிட்டார்கள். கோவையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை, அம்மா ஊரில். சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார் என்பதால் பாதிக்கு மேல் அவருக்குச் சொல்லவே இல்லை. அதனால் எல்லா ஆஸ்பத்திரிக்கும் தனியாகத்தான் போனேன். என்னைப் போல யாராவது இப்போது ராத்திரி இரண்டு மணிக்குத் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வலி ஆரம்பித்தது முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் உள்பக்கம். பகலில் லேசாக இருக்கும், வேலையில் மறந்துவிடும். ராத்திரி படுத்து ஓரிரு மணி நேரம் ஆனதும் எலும்புக்குள்ளிருந்து துளைப்பது மாதிரி எழும்பும். குப்புறப் படுத்தாலும் ஒருக்களித்துப் படுத்தாலும் ஒன்றுதான், காலுக்கு அடியில் தலையணை வைத்தாலும் ஒன்றுதான். முதலில் பார்த்த எலும்பு டாக்டர் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார். நார்மல். "இந்த வயசுல மூட்டுக்கு என்னம்மா வரப்போகுது" என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். வைட்டமின் டி குறைவாக இருந்தது. வாரம் ஒரு 60,000 யூனிட் பொடி, கால்சியம், டோலோ என்கிற பாராசிட்டமால் மாத்திரை. டோலோவுக்கு அந்த வலி அசையவே இல்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் ஏசி அறையில் வேலை பார்க்கும் யாருக்கு டெஸ்ட் எடுத்தாலும் வைட்டமின் டி குறைவாக வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். குறையைச் சரிசெய்வது நல்லதுதான். ஆனால் அந்தக் குறையால் வரும் வலி உடம்பு முழுக்கப் பரவலாக இருக்கும். ஒரே காலில், ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய வலிக்கு அதைக் காரணமாகச் சொன்னால், அதோடு தேடலை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பொடி தீர்ந்தும் வலி தீரவில்லை. அடுத்த கிளினிக்கில் முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள், 7,000 ரூபாய். ரிப்போர்ட்டில் கீழ்முதுகில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற இரண்டு இடங்களிலும் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக இருந்தது. அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் டிஸ்க் பேஷண்ட். வண்டி ஓட்டாதே, குனியாதே, பெல்ட் போடு, இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷன், கரன்ட் வைக்கும் பிசியோதெரபி. நரம்பு மாத்திரை என்று ஒன்று கொடுத்தார்கள், அதைப் போட்டுவிட்டு ஆபீஸில் மானிட்டரைப் பார்த்தால் எழுத்தெல்லாம் மிதக்கும். என் டீம் லீடர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். என்ன சொல்வது? முதுகு ஒருநாளும் வலித்ததில்லை. குனிந்தால், தும்மினால், இருமினால் வலி கூடியதும் இல்லை. டிஸ்க் நரம்பை அழுத்தினால் வலி பின்பக்கமாக இறங்கி முழங்காலுக்குக் கீழே பாதம் வரை ஓடுவதுதான் வழக்கம் என்று எனக்கே படித்துத் தெரிந்தது. அதை அங்கே கேட்டபோது, "ஸ்கேன்ல இருக்குல்ல?" என்பதுதான் பதில். 2015இல் அமெரிக்கக் கதிரியக்க இதழ் ஒன்றில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகுவலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது, 80 வயதில் அது 84 சதவீதம். அதாவது ஸ்கேனில் ஒன்று தெரிவதும், உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்பதும் வேறு வேறு விஷயங்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "சார், இதுல இருக்கிறது என் வலியோட பொருந்துதா?" இதற்கு நேராகப் பதில் சொல்பவரிடம் வைத்தியத்தைத் தொடருங்கள்.

இதற்கு நடுவில்தான் அந்தத் துப்பு கிடைத்தது. எனக்கு மாதவிடாய் வலி அதிகம். அந்த நாட்களில் ராத்திரி ஒரு மெஃப்டால் போட்டுவிட்டுப் படுப்பேன். ஒருமுறை காலையில் எழுந்தபோது அறைத்தோழி, "என்னடி, நேத்து நீ எழுந்திருக்கவே இல்லையே" என்றாள். யோசித்துப் பார்த்தால், முந்தைய மாதமும் அப்படித்தான். மற்ற நாட்களில் தூக்கமே இல்லை, மெஃப்டால் போட்ட ராத்திரிகளில் தொடை வலி அரை மணி நேரத்தில் சுத்தமாக அடங்கிவிடுகிறது. வயிற்றுக்குப் போட்ட மாத்திரை காலுக்கு ஏன் வேலை செய்ய வேண்டும்? டிஸ்க் வைத்தியம் செய்தவரிடம் இதைச் சொன்னேன். "அதுவும் பெயின் கில்லர்தானேம்மா, வலி குறையத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அப்படியென்றால் அவர் எழுதிய மாத்திரைக்கு ஏன் குறையவில்லை என்று கேட்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்து நாற்காலி பக்கத்தில் நின்றுவிட்டார். அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது. பொய் சொல்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் கேட்கவும் இல்லை.

காரணம் பிறகு புரிந்தது. இந்தக் கட்டியின் நடுவில் இருக்கும் சிறு உருண்டையை நைடஸ் என்கிறார்கள். அது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை ஏராளமாகச் சுரக்கிறது, வலிக்கு முக்கியக் காரணமே அதுதான். மாதவிடாய் வலிக்கும் அதே பொருள்தான் காரணம். ஐபுபுரோஃபன், நாப்ராக்சன், ஆஸ்பிரின், மெஃப்டாலில் இருக்கும் மெஃபெனமிக் அமிலம் எல்லாம் அதன் உற்பத்தியைத் தடுப்பவை. ராத்திரியில் கூடும் வலி, இந்த வகை மாத்திரைக்கு மட்டும் சட்டென்று அடங்குவது என்ற இந்த ஜோடிதான் ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமாவின் அடையாளம், எலும்பு மருத்துவப் பாடப் புத்தகங்களில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் டாக்டரிடம் போகும்போது "வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எந்த மாத்திரைக்கு அடங்கியது, எதற்கு அடங்கவில்லை, எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே கேள்வி வந்துவிடும். காகிதத்தைக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் படித்துவிடுகிறார்கள். அதே சமயம், கண்டுபிடிக்க வேண்டும் என்று இந்த மாத்திரைகளைத் தினமும் விழுங்காதீர்கள், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டரைக் கேட்டு, சாப்பிட்ட பிறகுதான்.

வலி தெரியாதவர்கள் சொல்லும் காரணங்கள் தனி. ஸ்ட்ரெஸ், போன் பார்க்கிறாய், சரியாகச் சாப்பிடுவதில்லை, கல்யாணம் ஆனால் சரியாகும். ஊரில் ஒரு பெரியம்மா எண்ணெய்க் கட்டு போடும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போகப் பிடிவாதம் பிடித்தார். நான் போகவில்லை. என்ன நோய் என்று தெரியாத எலும்பை யாரும் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். உள்ளே இருப்பது கட்டியா, சீழா, விரிசலா என்று தேய்ப்பவருக்கும் தெரியாது.

ஒருநாள் ஹாஸ்டல் படி ஏறும்போது நொண்டுகிறேன் என்று வார்டன் அக்காதான் கவனித்துச் சொன்னார். அவர் சொன்ன டாக்டரிடம் போனேன். அவர் ஒரு நல்ல காரியம் செய்தார், மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினார். அப்படித் திருப்பினால் இடுப்பு மூட்டு உள்பக்கம் சுழலும். வலது கால் சுலபமாகப் போனது, இடதில் கத்திவிட்டேன். பிரச்சினை இடுப்பு மூட்டில், முழங்காலில் இல்லை. இரண்டு மூட்டுக்கும் உணர்வு தரும் நரம்பில் ஒன்று பொதுவானது, அதனால் இடுப்பில் இருக்கும் நோய் முழங்காலில் வலிக்கும். இது எனக்கு மட்டும் பொருந்துவது இல்லை. குறிப்பாக 10 வயது முதல் 16 வயது வரையிலான, கொஞ்சம் உடம்பு பெருத்த பிள்ளைகள் முழங்கால் வலி என்று நொண்டினால், தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவியிருக்கலாம். முழங்கால் எக்ஸ்ரே நார்மலாக வரும். இடுப்புக்கு, தவளை மாதிரிக் கால்களை விரித்துவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் தெரியும். நாள் கடத்தினால் மூட்டே கெட்டுப்போகும். பெற்றோர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் ஒன்றும் இல்லை என்றால் இடுப்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, இடம் தெரிந்துவிட்டது, இனி சுலபம் என்று நினைத்தேன். இடுப்பு எம்ஆர்ஐ எடுத்தார்கள், இன்னொரு 8,000. எலும்புக் கழுத்து முழுக்க வீக்கம், மூட்டுக்குள் நீர் என்று ரிப்போர்ட். கீழே சாத்தியங்கள் என்று வரிசையாக: காசநோய், வேறு கிருமித் தொற்று, மூட்டுவாதம், "கட்டியாகவும் இருக்கலாம்". அந்தக் கடைசி வரியோடு நான் தனியாக ஒரு ராத்திரி இருந்தேன். மறுநாள் டாக்டர் காசநோய் மாத்திரையை ஆரம்பித்துவிடலாம், குறைகிறதா பார்க்கலாம் என்றார். எனக்குக் காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் நார்மல். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய, ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்தை "பார்க்கலாம்" என்று சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. மூட்டு நீரையோ திசுவையோ எடுத்துப் பரிசோதித்து உறுதிப்படுத்த முடியாதா என்று கேட்டேன். கோபப்பட்டார். உண்மையாகவே எலும்புக் காசநோய் நம் நாட்டில் நிறைய, அதைத் தவறவிடுவதும் ஆபத்துதான், அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அதை உறுதிசெய்ய வழி இருக்கும்போது கேட்பது உங்கள் உரிமை.

அதுவரை 60,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. லீவு தீர்ந்து சம்பளத்திலும் பிடித்தார்கள். கையில் காசு இல்லாததால்தான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கி, பெஞ்சில் மதியம் வரை. உள்ளே ஒரு உதவிப் பேராசிரியர், சுற்றி மாணவர்கள். என் ஃபைலைத் தொடவே இல்லை. படுக்கச் சொல்லி, முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து டேப்பால் 15 சென்டிமீட்டர் அளந்து, பேனாவால் இரண்டு தொடையிலும் கோடு போட்டார். அந்தக் கோட்டில் டேப்பைச் சுற்றி அளந்தால் இடது தொடை வலதைவிட இரண்டரை சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. என் கண்ணுக்கே தெரியாத விஷயம். மாணவர்களிடம், "ஸ்ட்ரெஸ்னால ஒரு கால் மட்டும் இளைக்குமா?" என்று கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ராத்திரி எந்த மாத்திரைம்மா கேட்குது?" என்றார். யாரும் கேட்காத கேள்வி. மெஃப்டால் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. எம்ஆர்ஐ படங்களை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இடுப்புக்கு ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாகச் சிடி ஸ்கேன் எழுதினார். மறுவாரம் படத்தில் ஒரு சின்ன கறுப்பு வட்டம், அதன் நடுவில் வெள்ளைப் புள்ளி. அதுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், இந்த முறை நிம்மதியில்.

எம்ஆர்ஐதான் பெரிய ஸ்கேன், சிடி அதற்குக் கீழே என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம். அப்படி இல்லை. எம்ஆர்ஐ வீக்கத்தைப் பெரிதாகக் காட்டும், அந்த வீக்கத்துக்குள் இந்தச் சின்ன உருண்டை மறைந்துவிடும். எலும்பின் நுணுக்கத்தைக் காட்டுவது மெல்லிய துண்டுச் சிடி. அதற்கு நேர்மாறாக, ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இடுப்பு எலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போகும் ஏவிஎன் நோய்க்கு எம்ஆர்ஐதான் சரி, ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாக இருக்கும். என் விஷயத்திலும் எக்ஸ்ரே உதவவில்லை. வழக்கமாக இந்தக் கட்டியைச் சுற்றி எலும்பு தடித்து வெள்ளையாகத் தெரியும். மூட்டுக்குள் இருந்தால் அந்தத் தடிப்பு அவ்வளவாக வராது, அதனால்தான் மூட்டுவாதம், காசநோய் என்று குழப்புகிறது. முதுகெலும்பில் வந்தால் வலியோடு முதுகு ஒரு பக்கம் வளையும். எல்லா ராத்திரி வலியும் இதுதான் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் எழுந்ததும் கீழ்முதுகு விறைத்து, நடக்க நடக்கச் சரியானால் அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸாக இருக்கலாம். அதுவும் இதே மாத்திரைகளுக்குக் கேட்கும், பார்க்க வேண்டியது வாதநோய் நிபுணரை. காய்ச்சல், எடை குறைவு, வெளியே தெரியும் வீக்கம், காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கவே கூடாது.

எந்த ஸ்கேன் எடுத்தாலும் ரிப்போர்ட் காகிதத்தோடு திரும்பாதீர்கள். குறுந்தகடோ பென் டிரைவோ கேட்டு முழுப் படத்தையும் வாங்குங்கள். நான் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வைத்திருந்தது கடைசியில் நன்றாக உதவியது.

வைத்தியத்துக்கு மூன்று வழி சொன்னார்கள். மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் சில வருடங்களில் தானாகவே அடங்கிவிடும் வாய்ப்பு உண்டு. அத்தனை வருடம் மாத்திரையா என்று எனக்குத் தோன்றியது. இரண்டாவது திறந்து அறுத்து எடுப்பது, தொடைக் கழுத்தில் அது எலும்பைப் பலவீனமாக்கும். மூன்றாவது ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன், சிடி பார்த்துக்கொண்டே ஊசியை உள்ளே விட்டு, நுனியை 90 டிகிரி வரை சூடாக்கிக் கட்டியைச் சுட்டுவிடுவது. 1990களின் தொடக்கத்திலிருந்து நடக்கிற முறை. தனியார் மருத்துவமனை ஒன்றில் செய்துகொண்டேன், ஒரு லட்சத்தைத் தாண்டியது. முழு மயக்கம் கொடுத்தார்கள். ஊசி கட்டியைத் தொடும்போது மயக்கத்திலேயே இதயத் துடிப்பு ஏறும், அவ்வளவு வலி அதற்கு என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது பயத்தைவிட, இவ்வளவு நாள் நான் சொன்னது உண்மைதான் என்ற எண்ணம்தான் வந்தது. சுடுவது ஆறு நிமிடம்தான். சுடுவதற்கு முன் கொஞ்சம் திசு எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். தையல்கூட இல்லாத ஒரு ஓட்டை. அம்மாவை அன்றைக்குத்தான் வரவழைத்தேன். ராத்திரி மருந்து வாசனையோடு ஊசி போட்ட இடம் எரிந்தது, ஆனால் அந்தத் துளைக்கும் வலி இல்லை. காலை வரை தூங்கினேன்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி பாலிசி அப்லேஷன் செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தது. அதற்கு முன் செய்த செலவில் பெரும்பாலும் எதுவும் வரவில்லை. நிறைய பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் பில்கள்தான் செல்லும், அதுவும் அதே நோய்க்கானதாக இருக்க வேண்டும். என் சிடி ஸ்கேன் பில் அந்த 30 நாளுக்குள் வந்ததால் அது மட்டும் கிடைத்தது. அதனால் நோய் உறுதியானதும் சிகிச்சைத் தேதியைக் குறிக்கும் முன்பே பாலிசியை எடுத்துப் படியுங்கள். ஒருநாள் தங்கிச் செய்யும் சிகிச்சை என்பதால் முன் அனுமதி கேட்டபோது கேள்வி எழுப்பினார்கள். நோயின் முழுப்பெயர், எந்த எலும்பு, எந்தப் பக்கம், ஏன் இந்த முறை என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்ததும் அனுமதி வந்தது.

மறுநாளே ஊன்றுகோலோடு நடக்கவிட்டார்கள். எடை தாங்கும் எலும்பு என்பதால் மூன்று மாதம் ஓட்டம், குதிப்பது கூடாது என்றார்கள். மெலிந்த தொடைக்குப் பிசியோதெரபி இன்னும் போகிறது, இந்த முறை எதற்காகப் போகிறேன் என்று தெரிந்து போகிறேன். சிலருக்கு இது திரும்ப வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். அப்படி வந்தால் மறுபடி ஒருமுறை சுட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி வலி மறுபடி வந்தால் எம்ஆர்ஐக்குப் போகாமல் நேராகப் பழைய படத்தோடு சிடி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, அதையும் டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர்.